பாய்லரைப் பார்க்கப் போன ரோனா

ரோனா மின்கினின் வீட்டில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. பேருந்து நிறுத்தாமல் போனாலும், மருத்துவரைப் பார்க்க நாள் கிடைக்காவிட்டாலும், எதிர்வீட்டுக்காரர் முகம் பார்க்காமல் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனாலும், ரோனாவோ அவள் கணவன் ஹார்வியோ சொல்லிக்கொள்வார்கள்: "லிஸ்ட் ஃபுல்லு."

அது ரோனாவின் அப்பா விட்டுப்போன சொத்து. கிளாஸ்கோவில் மழைக்கோட்டு தைத்து விற்றவர் அவர். கோல்ஃப் ஆட்டத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். ஊருக்குத் தெற்கே இருந்த கிளப்பில் சேர நான்கு வருடம் விண்ணப்பம் போட்டார். நான்கு வருடமும் ஒரே மாதிரி கடிதம் வந்தது. 'வருந்துகிறோம், உறுப்பினர் பட்டியல் நிரம்பிவிட்டது.' அவர் கடைக்கு அடுத்த கடையில் செருப்பு விற்றவர் மூன்றாவது வருடம் விண்ணப்பித்தார். இரண்டே வாரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் யூதர் இல்லை.

'யூதர்களுக்கு இடமில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அப்பா சண்டை போட்டிருப்பார். சண்டைக்கு அஞ்சுகிற ஆள் இல்லை அவர். ஆனால் 'வருந்துகிறோம்' என்று சொல்பவனிடம் எப்படிச் சண்டை போடுவது? பிறகு கிளாஸ்கோ யூதர்கள் தங்களுக்கென்றே ஒரு மைதானம் அமைத்துக்கொண்டபோது அவர் அங்கேயும் போகவில்லை. ஆசை அதற்குள் செத்துப்போயிருந்தது.

எந்தக் கடிதத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க ரோனா இப்படித்தான் கற்றுக்கொண்டாள். இந்தப் படிப்பு அவளுக்கு எட்டு வயதிலேயே முடிந்துவிட்டது.

இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. கிளாஸ்கோவின் புறநகரான கிஃப்நாக்கில் மருந்துக்கடை கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் நின்றவள். நாற்பத்தொன்றாவது வயதில், கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியான வேளையில், டிக்கெட் எடுக்காமல் படகில் ஏறும் ஒரு காகத்தைப் பற்றிக் கதை எழுதினாள். காகத்தின் பெயர் ஹெக்டர். அந்தக் கதையை எடின்பரோவில் ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமாகப் போட்டது. அதன்பின் ஏழு புத்தகங்கள். ஸ்காட்லாந்தில் ஆறு வயதுக் குழந்தையிடம் ஹெக்டர் யார் என்று கேட்டால், "திருட்டுக் காக்கா" என்று உடனே பதில் வரும்.

எட்டுப் புத்தகங்களிலும் ஒரு யூதர்கூட வரவில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் தானாகத் தோன்றவில்லை. ஒன்பதாவதில்தான் தோன்றியது.

இலையுதிர்காலத்தில் யூதர்கள் வீட்டுக்கு வெளியே ஒரு குடிசை போட்டு, ஏழு நாள் அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கூரைக்கு இலை தழைதான் போட வேண்டும். நட்சத்திரம் தெரிகிற அளவுக்கு இடைவெளியும் வேண்டும். பாலைவனத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு. கிளாஸ்கோவில் அந்த இடைவெளி வழியாக நட்சத்திரம் வந்ததே இல்லை, மழைதான் வந்தது. மின்கின் வீட்டில் மழைத்தண்ணீர் சேர்ந்து சூப், கிண்ணத்தில் ஊற்றியதைவிட அதிகமாகவே இருக்கும். ஒன்பதாவது கதையில் மாடிக் குடியிருப்பு ஒன்றின் பால்கனிக் குடிசைமேல் ஹெக்டர் வந்து இறங்குகிறது. கீழே ஒரு குடும்பம் குடை பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறது. "கூரை சரியாத்தான் இருக்கு, மனுசங்களைத்தான் தப்பா செஞ்சு வெச்சிருக்காங்க" என்கிறது காகம்.

பதிப்பகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒப்பந்தமும் ஆனது. அதற்குப் பிறகு யூத நாட்டின்மேல் அந்த அக்டோபர்த் தாக்குதல் வந்தது, அதைத் தொடர்ந்து போர் வந்தது.

முதலில் புத்தகம் ஆறு மாதம் தள்ளிப்போனது. காகித விலை என்றார்கள். பிறகு அட்டையிலிருந்த குடிசை காணாமல் போய், காகம் மட்டும் மிஞ்சியது. "குடிசை ரொம்பச் சின்னதா தெரியுது, கடையில எடுபடாது" என்றார்கள். பின்னட்டைக்கு இரண்டு வரி எழுதித் தருவதாகச் சொன்ன எழுத்தாளர் ஒருவருக்குத் திடீரென்று வேலை அதிகமாகிவிட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நம்பலாம். காகித விலை ஏறியது உண்மைதான். குடிசை சின்னதாக இருந்ததும் உண்மைதான். சேர்த்துப் பார்த்தால்தான் ரோனாவுக்கு அப்பாவின் நான்கு கடிதங்கள் நினைவுக்கு வந்தன.

இணையத்தில் யாரோ எழுத்தாளர்களின் பட்டியல் ஒன்றைப் போட்டிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று நிறம் பூசிய பட்டியல். ரோனா மின்கின் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும். 'இவர் இதுவரை எதுவும் சொல்லவில்லை.' காகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் அந்த நாட்டில் இருந்தார்கள், அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் இடிபாட்டுக்குள்ளிருந்து குழந்தைகளைத் தூக்குவதைப் பார்த்தபோது அவள் அழுதாள். பிணையாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் படங்களைப் பார்த்தும் அழுதாள். ஆனால் அந்த அழுகையை நுழைவுச்சீட்டாகக் காட்டினால்தான் கதை படிக்கப் பள்ளிக்கூடத்துக்குள் விடுவார்கள் என்றால், அவளால் அதைக் காட்ட முடியாது.

ஒருவழியாகப் பிப்ரவரியில் புத்தகம் வந்தது. விளம்பரப் பொறுப்பிலிருந்த கிர்ஸ்டி ரோனா போய்க் கதை படிக்கக் கடற்கரை ஊர்களில் ஆறு பள்ளிகளை ஏற்பாடு செய்தாள். நல்ல பெண். ஹெக்டரின் முதல் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவள். ரோனாவைப் பார்க்க வரும்போதெல்லாம் வெண்ணெய் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவருவாள்.

"இந்த ஆறு ஸ்கூலும் நல்லபடியா போயிடுச்சுன்னா பத்தாவது புத்தகத்துக்குக் கையெழுத்து போட்டுடலாம்னு மேல சொல்லிட்டாங்க ரோனா" என்றாள்.

"போகலேன்னா?"

"ஏன் போகாம? குழந்தைங்க உங்கமேல உயிரையே வெச்சிருக்காங்க."

கேட்டதற்கு அது பதில் இல்லை. ரோனா அதைக் கவனித்தாள்.

முதல் பள்ளிக்கு அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்களாம், இப்போது வேண்டாம் என்றார்கள். இரண்டாவதில் வாந்திபேதி பரவிவிட்டதாம். மூன்றாவதில் கூடத்துத் தரைக்கு மெருகு போடுகிறார்களாம். நான்காவது பள்ளி காரணம் எதுவும் சொல்லவில்லை. 'தற்போதைய சூழ்நிலையைக் கருதி' என்று மட்டும் எழுதியது. ஆறாவதிலிருந்து தகவலே இல்லை. ஐந்தாவது ஆர்ட்மோரி என்ற சின்ன ஊர். செவ்வாய்க்கிழமை போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிர்ஸ்டி கூப்பிட்டாள்.

"ஆர்ட்மோரியில பாய்லர் பழுதாம் ரோனா. ஸ்கூலைச் சூடு பண்ண முடியலையாம். வேணாம்னுட்டாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு."

ரோனா தொலைபேசியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஹார்வி ரொட்டியில் ஹெர்ரிங் மீனை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பாய்லராம்" என்றாள்.

"பிப்ரவரியில பாய்லர் பழுதாகும் ரோனா. ஜூலையிலயா ஆகும்?"

"ஆய்வு, வாந்தி, தரை, சூழ்நிலை, பாய்லர். எல்லாம் ஒரே மாசத்துலயா?"

"லிஸ்ட் ஃபுல்லுங்கறியா?"

"நீ சொல்லு."

ஹார்வி வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவன் அவன். எதையும் இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பான். "ஒரு கண்ணால பாத்தா எல்லாரும் நம்ம எதிரிதான். இன்னொரு கண்ணால பாத்தா உனக்குப் பைத்தியம். ரெண்டையும் திறந்து வெச்சுப் பாரு, கொஞ்சம் மங்கலா தெரியும். அதுதான் நெசம்."

"எனக்கு மங்கல் வேணாம். அந்தப் பாய்லரை நான் பாக்கணும்."

"பாத்து?"

"அது ஓடுதுன்னா பொய் சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சிடும். ஒரே ஒரு தடவை ஹார்வி, ஒரு பொய்யைக் கையும் களவுமா பிடிக்கணும். எங்கப்பாவால முடியல."

ஹார்வி அதற்குமேல் தடுக்கவில்லை. "கோட்டைப் போட்டுக்க" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரோனா ஆர்ட்மோரியில் இருந்தாள். வண்டியின் பின்னால் நாற்பத்தொரு புத்தகங்கள். பெற்றோர் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கியவை. பள்ளி அனுப்பிய பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். வேறு எந்தக் குழந்தைக்கும் அவற்றைத் தர முடியாது.

வண்டியைத் தேவாலயத்தின் அருகே நிறுத்திவிட்டு நடந்தாள். எப்படி நடக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் கிஃப்நாக் யூத ஜெபக்கூடத்தின் வாசலில் காதில் கருவி மாட்டிக் காவல் நிற்பவர்களில் ஹார்வி ஒருவன். ரோனாவும் அந்தப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். வேகமாகப் போகக்கூடாது, நிற்கவும் கூடாது. முதல் சுற்றில் வாசல்கள், இரண்டாவதில் ஜன்னல்கள், மூன்றாவதில் வண்டி எண்கள். ஜெபக்கூடத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டதை அவள் இப்போது ஒரு ஆரம்பப் பள்ளியின்மேல் பிரயோகித்தாள்.

முதல் சுற்றில், பள்ளி வாசல் பூட்டியிருந்தது. விளக்கு எரியவில்லை. புகைபோக்கியில் புகை இல்லை. அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. உண்மைதான் போலிருக்கிறது, திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள்.

ஆனால் வந்தது வந்தாயிற்று என்று இரண்டாவது சுற்றும் போனாள். அப்போதுதான் பாட்டுச் சத்தம் கேட்டது. சாலைக்கு அந்தப் பக்கம், தேவாலயத்தின் சமூகக்கூடம். ஜன்னல் கண்ணாடிகளில் உள்ளேயிருந்த சூட்டினால் ஆவி படர்ந்திருந்தது. நூறு குழந்தைகளாவது இருப்பார்கள். தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பாய்லர் பழுதான பள்ளிக்கூடம் இங்கே கணகணவென்று நடக்கிறது. ஆடலாம், பாடலாம். அவள் வரத்தான் இடமில்லை. அப்பாவுக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்துவிட்டது. மூன்றாவது சுற்றில் வண்டி எண்களைக் குறித்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. பிறகு ஜன்னலுக்குக் கீழே இருந்த கல்தொட்டியின்மேல் ஏறி, கண்ணாடியில் படர்ந்த ஆவிக்கு நடுவே தெளிவாக ஓரிடம் தேடி, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா! யாரு நீ? புள்ளைங்க இருக்கற எடத்துல என்ன எட்டிப் பாக்கற?"

திரும்பினாள். கையில் மண்வாரியோடு பருத்த ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் டூகி.

"நான் சும்மா..."

"மூணு தடவை சுத்தினே. நான் எண்ணிட்டுதான் இருக்கேன். வண்டி நம்பரெல்லாம் எழுதறே. போலீஸைக் கூப்பிடவா, நீயே எறங்கறியா?"

இத்தனை வருடம் ஜெபக்கூட வாசலில் அவளும் ஹார்வியும் மற்றவர்களிடம் கேட்டுவந்த கேள்வி. ரோனா கல்தொட்டியிலிருந்து இறங்கினாள். காலுறையில் சேறு.

"நான் எழுத்தாளர். ரோனா மின்கின். இன்னிக்கு நான் இங்க வர வேண்டியது."

"அப்படின்னா வாசல் வழியா வர வேண்டியதுதானே? எழுத்தாளருங்க எல்லாம் ஜன்னல் வழியாத்தான் வருவாங்களோ?"

சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. உயரமான ஒரு பெண், கழுத்தில் விசில், மேலே இரண்டு ஸ்வெட்டர். தலைமையாசிரியை மிஸஸ் டன்பார். ரோனாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"மிஸஸ் மின்கின்? நீங்க மார்ச்லதானே வர்றீங்க?"

"மார்ச்சா? என்னை வர வேணாம்னு சொல்லிட்டீங்க. பாய்லர் பழுதுன்னு."

"பாய்லர் பழுதுதான். நூத்திப் பத்துக் குழந்தைங்களை இந்த ஒரே கூடத்துல அடைச்சு வெச்சிருக்கேன். மூணு வகுப்பு ஒரே நேரத்துல நடக்குது. சமையலறையில ஒண்ணாம் வகுப்பு. உங்களை எங்க உக்கார வைக்கிறது? அதான் மார்ச் பன்னெண்டுக்கு மாத்திக்கலாமான்னு எழுதினேன்."

"மார்ச் பன்னெண்டுன்னு யாரும் எங்கிட்ட சொல்லல."

மிஸஸ் டன்பார் டூகியைப் பார்த்தாள், கல்தொட்டியைப் பார்த்தாள், ரோனாவின் கையிலிருந்த குறிப்புச் சீட்டைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"பாய்லர் ஓடுதான்னு பாக்க வந்தீங்களா?"

ரோனாவால் பொய் சொல்ல முடிந்திருக்கும். இந்தப் பக்கமாகப் போனேன், புத்தகங்களைத் தரலாமென்று நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். வண்டியில் புத்தகங்கள் இருக்கவே இருந்தன. ஆனால் பொய்யைப் பிடிக்க வந்த இடத்தில் தானே ஒரு பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"ஆமா" என்றாள்.

"கிளாஸ்கோவுலேருந்து? ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு?"

"ஆமா."

டூகி அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "பாக்கறதுன்னா வாம்மா, காட்டறேன். பொணம் மாதிரி கெடக்கு. நாலு நாளா அதுகூடத்தான் நான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்."

மிஸஸ் டன்பார் சிரிக்கவில்லை. "உள்ள வாங்க" என்றாள். கூடத்தின் மூலையில், கோட்டுகள் தொங்கிய ஒரு சந்துக்குள் அவளை அழைத்துப் போனாள். "உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எனக்குக் கோவம் வந்திருக்கு, அதனால கொஞ்சம் கடுமையா வரும். பொறுத்துக்கங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி உங்க பதிப்பகத்துலேருந்து எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. எல்லா ஸ்கூலுக்கும் போயிருக்கும். என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? 'தற்போதைய சூழ்நிலையில் இந்த வருகை உங்களுக்குச் சங்கடம் தருமானால் தயங்காமல் சொல்லுங்கள், நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்வோம்.' எனக்கு ஒரு சங்கடமும் இல்லைன்னு அன்னிக்கே பதில் போட்டேன். எனக்குக் காக்கா புத்தகம் வேணும், அதை எழுதினவங்களும் வேணும்னு எழுதினேன். அப்படி எழுதின என்னைத்தான் நீங்க ஜன்னல் வழியா வேவு பாக்கறீங்க."

மிஸஸ் டன்பார் கைபேசியில் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். கீழே கிர்ஸ்டியின் பெயர் இருந்தது.

சூழ்நிலை. நான்காவது பள்ளிக்கூடம் எழுதியிருந்த அதே சொல். அந்தப் பள்ளி அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பதிப்பகம் கையில் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆய்வு, வாந்தி, தரை எல்லாம் அப்படி வந்தவையே. யாரும் அவளுக்குக் கதவைச் சாத்தவில்லை. அவளுடைய ஆட்களே போய், சாத்த வேண்டுமானால் சாத்திக்கொள்ளுங்கள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

காகிதக்காரன், அட்டை வரைந்தவன், தலைமையாசிரியர்கள், எதிர்வீட்டுக்காரர் என்று அவள் சந்தேகப்படாத ஆள் இல்லை. வெண்ணெய் பிஸ்கட்டோடு வந்தவளை மட்டும் விட்டுவிட்டாள்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள் ரோனா. "உங்க விஷயத்துல. மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கறது இருக்கட்டும். எனக்குப் புரியாததைக் கேக்கறேன். நேரா ஒரு போன் போட்டு எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வருத்தப்படறோம்னு சொல்வீங்க. வருத்தப்படறோம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது. எங்க வீட்ல யாருக்குமே தெரியாது."

மிஸஸ் டன்பார் கைபேசியைப் பைக்குள் போட்டாள். பிறகு, "அது ரொம்பக் கஷ்டமான பொழப்பு" என்றாள். குரலில் கோபம் முழுதும் போய்விடவில்லை, ஆனால் இறங்கியிருந்தது. "சரி. புள்ளைங்க உங்களை ஜன்னல்ல பாத்துட்டாங்க. திருட்டுக் காக்காவோட அம்மா வந்திருக்காங்கன்னு அங்க ஒரே ரகளை. இனிமே என்னால சமாளிக்க முடியாது. நின்னுக்கிட்டுப் படிப்பீங்களா? உக்கார எடமில்ல."

ரோனா நின்றுகொண்டே படித்தாள். நூற்றுப்பத்துக் குழந்தைகளும் கோட்டும் தொப்பியுமாகத் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குடை பிடித்துச் சாப்பிடும் இடத்தில் அவர்கள் சிரித்த சிரிப்பில் டூகி கதவோரம் வந்து நின்றுவிட்டான். படித்து முடித்ததும் ஒரு பையன் கையைத் தூக்கினான். "மழைன்னு தெரியுதுல்ல, அவங்க ஏன் உள்ள போய்ச் சாப்பிடக்கூடாது?"

"ஏன்னா அது அவங்க பண்டிகை."

"லூசு பண்டிகை" என்றான் அவன்.

"கொஞ்சம் லூசுதான்" என்றாள் ரோனா. அந்த மாதத்திலேயே அந்தப் புத்தகத்தைப் பற்றி அவளிடம் நேராகச் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அது.

புத்தகங்களைப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, சமையலறையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நடுவே நின்று கிர்ஸ்டியைக் கூப்பிட்டாள்.

"கிர்ஸ்டி, நான் ஆர்ட்மோரியிலேருந்து பேசறேன்."

"அங்க எதுக்குப் போனீங்க?"

"மார்ச் பன்னெண்டுன்னு அவங்க எழுதினதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அது... சும்மா மரியாதைக்கு எழுதியிருக்காங்கன்னு நெனச்சேன். தேதி கொடுத்துட்டு அப்புறம் அதையும் தள்ளிவெப்பாங்கன்னு. மறுபடி ஒரு தடவை உங்களுக்கு ஏமாத்தமாகிடுமேன்னு..."

ரோனாவுக்கு ஒரு கணம் சிரிப்பே வந்தது. எழுதாத வரியைப் படிக்கிற வியாதி இந்தப் பெண்ணுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"ஆறு ஸ்கூலுக்கும் நீ எழுதின மெயிலைப் பாத்தேன்."

"ரோனா, நான் சொல்றதைக் கேளுங்க. ஆபீஸுக்கு மூணு பேர் எழுதினாங்க. உங்க புத்தகத்தைப் பத்தி. ரொம்ப அசிங்கமா. ஏதாவது ஒரு ஸ்கூல் வாசல்ல யாராச்சும் வந்து கத்தினா? குழந்தைங்க எதிர்ல உங்களை ஏதாவது சொன்னா? மேல எல்லாரும் பயந்துட்டாங்க. உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட சொல்லல."

"எத்தனை பேர்?"

"மூணு."

"மூணு பேர் எழுதினாங்க. நீங்க ஆறு எடத்துல சொன்னீங்க. யாரு அதிகமா வேலை செஞ்சாங்கன்னு நீயே சொல்லு கண்ணு."

கிர்ஸ்டி அழ ஆரம்பித்தாள். பொய் அழுகை இல்லை என்று ரோனாவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் கோபப்படுத்தியது. அப்பாவுக்குக் கடிதம் எழுதிய கிளப் செயலாளரும் உண்மையிலேயே வருந்தியிருப்பாரோ? அதை நினைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அந்த மூணு கடுதாசியையும் எனக்கு அனுப்பு. என்னைப் பத்தி எழுதினது, நான் படிக்கணும். ஸ்கூல்களுக்கு இனிமே நீ எழுத வேணாம். நானே எழுதிக்கறேன்."

"மேல ஒத்துக்க மாட்டாங்க. பத்தாவது புத்தகம்..."

"பத்தாவது புத்தகம் எனக்கு வேணும். ரொம்ப வேணும். ஆனா இப்படி வேணாம்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது ஹார்வி கேலி பேசவில்லை. மூன்று கடிதங்களும் மறுநாள் வந்தன. இருவரும் சேர்ந்து படித்தார்கள். கிர்ஸ்டி சொன்னதைவிட அசிங்கமாகவே இருந்தன. ஒன்றில் யூதர்களை எரித்த அடுப்புகளைப் பற்றி ஒரு வரி இருந்தது. ஹார்வி அதைப் படித்ததும் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டான். ஜெபக்கூட வாசல் குழுவுக்கு அவன் அந்தக் கடிதத்தை அனுப்பிவைத்தான். அவர்கள் காவல்துறைக்கு அனுப்பினார்கள். கிர்ஸ்டியின் பயம் முழுக்க வெறும் பயமல்ல என்பதை ரோனா ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பயந்ததற்காக அவள் கோபப்படவில்லை. தன்னிடம் சொல்லாமல் தனக்காகப் பயந்ததற்குத்தான் கோபம்.

மீதி ஐந்து பள்ளிகளுக்கும் ஒரே கடிதம் எழுதினாள். மருந்துச் சீட்டு மாதிரி சுருக்கமாக.

'நான் யூதப் பெண். என் புதுப் புத்தகத்தில் ஒரு யூதக் குடும்பம் வருகிறது, ஒரு காகமும் வருகிறது. உங்கள் பள்ளிக்கு வந்து படிக்க விரும்புகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். ஏன் என்றும் எழுதுங்கள். எதை எழுதினாலும் உண்மையை எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன்.'

"இதைப் பாத்தா ஒருத்தனும் பதில் போட மாட்டான்" என்றான் ஹார்வி.

"போடலேன்னா அதுவும் பதில்தான்."

வாந்திபேதிப் பள்ளியிலிருந்து முதலில் வந்தது: அது உண்மையான வாந்திபேதியே, நாற்பது குழந்தைகள் படுத்திருந்தார்கள், ஏப்ரலில் வாருங்கள். நம்புவதா வேண்டாமா என்று ரோனா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். கடைசியில் நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள், பென்சிலால். ஆய்வு என்று சொன்ன பள்ளியும் ஆறாவது பள்ளியும் பதில் போடவில்லை. தரைக்கு மெருகு போட்ட பள்ளி, ஆண்டு முழுவதும் நிகழ்ச்சிகள் நிறைந்துவிட்டன என்று எழுதியது.

நான்காவது பள்ளியின் பதில்தான் கடைசியாக வந்தது. தலைமையாசிரியர் பெயர் காலம் ராட்ரே. தட்டச்சு செய்யாமல் கையாலேயே எழுதியிருந்தார்.

'அன்புள்ள மிஸஸ் மின்கின், சூழ்நிலை என்று நான் எழுதியது கோழைத்தனம். உண்மை இதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்றே சொல்கிறேன். மன்னிக்கவும்.'

ரோனா அதை மூன்று தடவை படித்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெற்றுத்தாள். எழுதாமல் விட்டது எதுவும் அதில் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் அவளுக்கு வந்த கடிதங்களில் இப்படி ஒன்று இதுதான் முதல். இதற்கு என்ன செய்வதென்று அவள் எங்கும் கற்றுக்கொள்ளவில்லை.

"இதையும் போய்ப் பாக்கப் போறியா?" என்றான் ஹார்வி.

"இதுல பாக்க என்ன இருக்கு?"

அவள் தொலைபேசியை எடுத்தாள். கடிதத்தின் மேலே அச்சிட்டிருந்த எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை மணி அடித்ததும் ஒரு ஆண்குரல் கேட்டது.

"மிஸ்டர் ராட்ரே, நான் ரோனா மின்கின் பேசறேன். திட்டறதுக்குக் கூப்பிடல. வரட்டுமான்னும் கேக்கல. பயமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. எதுக்குப் பயம், யாரைப் பாத்துப் பயம், அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க. எனக்கும் இருக்கு, ரெண்டையும் வெச்சுப் பாக்கலாம்."

மறுமுனையில் கதவு ஒன்று சாத்தப்படும் சத்தம் கேட்டது. வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு யாரோ உட்காருவது கேட்டது.

"சொல்றேன்" என்றார் அவர். "உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்குமா?"